கரையத் தெரிந்த உலோகம்: மெக்னீசியத்தின் மேல்பூச்சுக்கு ஒரு சிறு வரலாறு

போன மாசம் வீட்டில் கீசர் ரிப்பேர். எங்க ஏரியாவில் போர் தண்ணி, உப்பு அதிகம். வந்த மெக்கானிக் டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிக் காட்டினார். புதுசில் கட்டைவிரல் தடிமன் இருக்குமாம். இப்போ நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, அதைச் சுற்றிச் செல்லரித்த குச்சி மாதிரி கொஞ்சம் சாம்பல் நிற மிச்சம். அவ்வளவுதான்.

"மெக்னீசியம் ராடு சார். டேங்க்குக்குப் பதிலா இது அரிச்சுப் போயிடும். இதை மாத்தாம விட்டா அடுத்தது டேங்க் ஓட்டைதான்" என்றார்.

அந்தக் குச்சியை நான் தூக்கிப் போடவில்லை. என் மேஜை டிராயரில் ஏற்கெனவே இன்னொரு உலோகப் பொருள் இருக்கிறது. என் மகளின் கையிலிருந்து எடுத்த இரண்டு டைட்டானியக் கம்பிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்தப் பதிவை எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவளுக்கு 9 வயசு, பார்க்கில் கம்பியில் தொங்கி விளையாடும்போது விழுந்து முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. எலும்புக்குள் கம்பி செருகி நேராக்கினார்கள். நன்றாகவே சேர்ந்தது. ஏழு மாசம் கழித்து அந்தக் கம்பிகளை எடுக்க இன்னொரு ஆபரேஷன். முதல் தடவை விபத்து, யோசிக்க நேரமில்லை. இரண்டாம் தடவைதான் கஷ்டம். தேதி குறித்து, ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுக்கும் அறை வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போகணும். "எலும்புதான் ஒட்டிருச்சே அப்பா, அப்புறம் ஏன் மறுபடியும் கிழிக்கணும்?" என்று கேட்டாள். பதில் இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். "தானா கரையிற மாதிரி எதுவும் வரலையா டாக்டர்?"

"வந்திருக்கு சார். மெக்னீசியத்துல. ஆனா உங்க பொண்ணுக்கு நான் இன்னைக்கு அதை வைக்க மாட்டேன்."

ஏன் என்று கேட்பதற்குள் அவரை வேறு யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அந்த "ஏன்"-க்கு நானாகத் தேடிய பதில்தான் இது. நான் சாஃப்ட்வேர் ஆள். பி.இ. முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்தவன். அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாரம் கட்டுவது மாதிரி

கட்டடம் எழும்பும்போது சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். எலும்புக்குள் வைக்கிற தகடும் திருகாணியும் இந்தச் சாரம்தான். எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வரைக்கும் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு வேலை கிடையாது. எஃகும் டைட்டானியமும் போகாது. ஒன்று அப்படியே விட வேண்டும், இல்லை மறுபடியும் வெட்டி எடுக்க வேண்டும்.

மெக்னீசியம் இந்த வேலைக்கே பிறந்த மாதிரி இருக்கும். அது உடம்புக்கு அந்நியப் பொருள் இல்லை. பெரியவர்கள் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் உண்டு, அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான். தினமும் சாப்பாட்டில் 300 முதல் 400 மில்லிகிராம் தேவை. விறைப்பிலும் பொருத்தம். எலும்பு 10 முதல் 20 கிகாபாஸ்கல் என்றால் மெக்னீசியம் சுமார் 45, டைட்டானியம் 110, எஃகு 200 வாக்கில். அதிக விறைப்பான உலோகம் பாரத்தை எல்லாம் தானே வாங்கிக்கொண்டு எலும்பைச் சோம்பேறியாக்கிவிடும். மெக்னீசியத்தில் அந்தத் தொல்லை குறைவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 3 மில்லிமீட்டர் விட்டம், 26 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு மெக்னீசியத் திருகாணியின் எடை சுமார் 0.32 கிராம். அதாவது ஒரு நாள் சாப்பாட்டில் நமக்குத் தேவையான மெக்னீசியம், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் கரைந்தால் சிறுநீரகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் என்ன பிரச்சினை? மெக்னீசியம் தண்ணீரோடு சேரும்போது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஒரு பக்கம் வரும், ஹைட்ரஜன் வாயு இன்னொரு பக்கம் வரும். அந்த 0.32 கிராம் திருகாணி முழுசாகக் கரைந்தால் உடம்புச் சூட்டில் சுமார் 330 மில்லிலிட்டர் ஹைட்ரஜன். ஒரு வருடத்தில் பரவி வந்தால் ஒரு நாளைக்கு 1 மில்லிலிட்டர் கூட இல்லை, ரத்தம் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடும். அதே திருகாணி 8 நாளில் கரைந்தால்? ஒரு நாளைக்கு 40 மில்லிலிட்டருக்கு மேல். தோலுக்கு அடியில் பலூன்தான்.

இந்த 8 நாளை நான் சும்மா போடவில்லை. அந்தக் கதை வருகிறது.

கட்டுக் கம்பியில் தொடக்கம்

மெக்னீசியத்தைத் தனியே பிரித்தவர் ஹம்ப்ரி டேவி, 1808-இல். அவருடைய சீடர் மைக்கேல் ஃபாரடே 1833-இல் உருகிய மெக்னீசியம் குளோரைடில் மின்சாரம் செலுத்தி உலோகத்தை எடுத்தார். 1852-இல் ராபர்ட் புன்சன் அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். 1860-களில் மெக்னீசிய நாடா கடையில் வாங்கும் சரக்காகிவிட்டது. போட்டோ எடுக்க வெளிச்சம் வேண்டுமே, அதற்கு.

1878-இல் எட்வர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க மருத்துவர், ரத்தம் கொட்டும் நாளங்களைக் கட்ட மெக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். மூன்று நோயாளிகள். பட்டு நூல் உள்ளேயே கிடந்து சீழ் வைக்கிற காலம் அது. கம்பி கரைந்து போனதை அவர் பார்த்தார். கம்பி எவ்வளவு தடியோ அவ்வளவு நாள் பிடிக்கிறது என்பதையும் குறித்துவைத்தார். அவருக்கு ஆயுளைக் கூட்டக் கிடைத்த ஒரே வழி கம்பியைத் தடியாக்குவது. மேலே ஏதாவது பூசலாமே என்ற யோசனை வர இன்னும் பல காலம் ஆகணும்.

அடுத்து ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் எர்வின் பாயர். இந்தக் கதையின் முதல் உண்மையான ஆராய்ச்சியாளர் அவர்தான் என்பேன். அறுந்த ரத்தக் குழாய்களைச் சேர்க்க 1900 வாக்கில் மெக்னீசியக் குழல்களும் வளையங்களும் செய்தார். நாளத்தை வளையத்துக்குள் நுழைத்து மடக்கி, இன்னொரு நாளத்துக்குள் செருகினால் போதும். திசுவில் உள்ள நீர், ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்புகள், கார்பன் டை ஆக்சைடு இவைதான் உலோகத்தை அரிக்கின்றன என்றும் எழுதினார். 1902-இல் வியன்னாவில் எமெரிச் உல்மான் ஒரு நாயின் சிறுநீரகத்தை அதன் கழுத்து நாளங்களோடு இணைத்து வேலை செய்ய வைத்தார் இல்லையா, சிறுநீரக மாற்று வரலாற்றின் முதல் பக்கம், அதில் நாளங்களைச் சேர்த்தது பாயரின் மெக்னீசியக் குழல் முறைதான். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அதே 1902-இல் பிரான்சில் அலெக்சிஸ் காரெல் ரத்தக் குழாயை ஊசி நூலாலேயே தைக்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு வளையம் யாருக்கு வேணும்? காரெலுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆன்ட்வெர்ப்பில் 8 நாள்

இப்போ அந்த 8 நாள் கதை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் அல்பின் லாம்போட். எலும்பைத் திறந்து தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தும் சிகிச்சைக்கு 'ஆஸ்டியோசிந்தசிஸ்' என்று பெயர் வைத்தவர். தன் கருவிகளைத் தானே வடிவமைத்தவர். ஓய்வு நேரத்தில் வயலின் செய்பவர். கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாத மனுஷன்.

1906-07 வாக்கில், கீழ்க்கால் எலும்பு முறிந்த 17 வயதுப் பையனுக்கு மெக்னீசியத் தகடு வைத்தார். அதை எலும்போடு பிணைக்க எஃகு ஆணிகள். தோலுக்கு அடியில் வாயு திரண்டு கால் வீங்கியது. வலி. 8 நாளில் தகடு நொறுங்கிப் போனது.

என்ன நடந்தது என்று என் கீசர் மெக்கானிக்கைக் கேட்டால் சொல்லிவிடுவார். எஃகுத் தொட்டி, உப்புத் தண்ணி, தொட்டியோடு இணைத்த மெக்னீசியக் கம்பி. கீசருக்குள் நாம் வேண்டுமென்றே செய்வதை லாம்போட் ஒரு பையனின் காலுக்குள் தெரியாமல் செய்துவிட்டார். மின்முனை வரிசையில் மெக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44 வோல்ட். இரண்டையும் உப்பு நீரில் தொடவிட்டால் அது ஒரு பேட்டரி. எஃகைக் காப்பாற்ற மெக்னீசியம் தன்னை அழித்துக்கொள்ளும்.

லாம்போட்டை எனக்குப் பிடித்துப்போனது இதற்குப் பிறகு அவர் செய்ததால்தான். தோல்வியை மறைக்கவில்லை, உலோகத்தையும் கைவிடவில்லை. உதவியாளர் ழான் வெர்ப்ரூகுடன் சேர்ந்து விலங்குகளில் திரும்ப ஆரம்பித்தார். மெக்னீசியத்தோடு வேறு உலோகம் கலக்கவே கூடாது என்ற பாடத்தோடு, குழந்தைகளின் முழங்கைக்கு மேலே ஏற்படும் முறிவுகளுக்கு மெக்னீசிய ஆணிகளை மட்டும் வைத்துப் பார்த்தார். எலும்பு சேர்ந்தது. ஆணி மாசக்கணக்கில் கரைந்தது. வாயு அப்போதும் வந்தது, ஆனால் தாங்கக்கூடிய அளவு. 1932-இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். முதல் தோல்விக்கும் இந்தக் கட்டுரைக்கும் நடுவில் கால் நூற்றாண்டு.

1938-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஏர்ல் மெக்பிரைடு மாங்கனீசு கலந்த மெக்னீசியத்தில் திருகாணி செய்து வைத்தார். 1940-களில் சோவியத் மருத்துவர்கள் ட்ராய்ட்ஸ்கியும் சிட்ரினும் 'ஆஸ்டியோசிந்தசிட்' என்று பெயர் வைத்து காட்மியம் கலந்த மெக்னீசியத்தை, சேராமல் கிடந்த முறிவுகளுக்கு 34 பேரிடம் பயன்படுத்தினார்கள். 9 பேருக்குப் பலிக்கவில்லை. திரண்ட வாயுவை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார்கள். காட்மியம் எவ்வளவு பெரிய விஷம் என்று இப்போ தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பகீர் என்கும்.

இத்தனைக்கும் நடுவில் துருப்பிடிக்காத எஃகும், 1930-களில் வைட்டாலியம் என்ற கோபால்ட் கலவையும் வந்துவிட்டன. அரிக்காது, வாயு கிடையாது, கவலை கிடையாது. "நல்ல உலோகம் என்றால் உடம்புக்குள் மாறாமல் இருக்கும் உலோகம்" என்பது விதியானது. மெக்னீசியத்தை எல்லாரும் மறந்தார்கள்.

உப்புத்தாள் சொல்லும் சேதி

பள்ளிக்கூட லேபில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்தியது ஞாபகம் இருக்கா? கொளுத்துவதற்கு முன்னால் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்வார் சார். ஏன்? நாடாவின் மேல் ஏற்கெனவே ஆக்சைடு படலம் இருக்கும், அதை எடுத்தால்தான் சுலபமாகப் பற்றும்.

அப்படியானால் மெக்னீசியத்துக்கு இயற்கையாகவே ஒரு தோல் உண்டு. அலுமினியத்துக்கும் உண்டு. அலுமினியப் பாத்திரம் வருஷக்கணக்கில் உழைக்கிறதே, மெக்னீசியத்துக்கு மட்டும் ஏன் அந்தத் தோல் உதவவில்லை?

எனக்கு அரியர் கொடுத்த பாடமே இங்கே வந்து நிற்கிறது. பில்லிங்-பெட்வொர்த் விதி. இரண்டு மார்க் கேள்வி. உலோகம் ஆக்சைடாக மாறும்போது அந்த ஆக்சைடு முன்னை விட அதிக இடத்தை அடைத்தால் மேற்பரப்பை முழுசாக மூடும். குறைந்த இடத்தை அடைத்தால் இடைவெளி விழும். அலுமினியத்துக்கு விகிதம் சுமார் 1.28. மெக்னீசியத்துக்கு 0.81. சின்ன சைஸ் சட்டை மாதிரி, எங்கேயாவது தையல் விட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கு மேல் தண்ணீரில் உருவாகும் ஹைட்ராக்சைடு படலம். அது கொஞ்சம் காக்கும், ஆனால் சுற்றி நல்ல காரத்தன்மை இருக்கணும், பி.எச். 11-க்கு மேல். நம் ரத்தம் 7.4. போதாக்குறைக்கு ரத்தத்தில் உப்பு. குளோரைடு அயனி அந்த ஹைட்ராக்சைடைக் கரையக்கூடிய மெக்னீசியம் குளோரைடாக மாற்றிவிடும். தோல் வளர வளர உப்பு அதை உரித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு உண்மை 1942-இல் வெளியானது. டௌ கெமிக்கல் நிறுவனத்தில் ஹானவால்ட்டும் சகாக்களும் மெக்னீசியத்தில் கலந்திருக்கும் அசுத்தங்களை அளந்தார்கள். இரும்பு, நிக்கல், செம்பு, கோபால்ட். இவை ஒரு எல்லையைத் தாண்டினால் அரிப்பு வேகம் தாறுமாறாக எகிறுகிறது. இரும்புக்கு அந்த எல்லை சுமார் 0.017 சதவீதம். காரணம் அதே கீசர் கதைதான். உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி எஃகு ஆணி.

ஹியூஸும் பாயரும் லாம்போட்டும் கையில் வைத்திருந்தது இந்த எல்லை யாருக்கும் தெரியாத காலத்து மெக்னீசியம். வெளியே எஃகு ஆணி இல்லாவிட்டாலும் உள்ளே எவ்வளவு இருந்ததோ!

கிழிய வேண்டிய சட்டை

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புளி பட்டால் பித்தளை களிம்பேறும், அதனால் ஈயப் பூச்சு. நன்றாகப் பூசியிருக்கிறாரா என்பதற்குப் பாட்டி வைத்த சோதனை ஒன்றுதான். எத்தனை மாசம் தாங்குது? உலகத்தில் பெயின்ட், முலாம், பூச்சு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். அதிக நாள் தாங்குவதே சிறந்தது.

மெக்னீசியத்துக்கு இந்த மாதிரி பூச்சு நிறைய உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு மெக்னீசியம் டன் டன்னாகத் தேவைப்பட்டது, அதைக் காக்கக் குரோமேட் குளியல்கள் வந்தன. பிறகு மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பைப் பீங்கான் மாதிரி ஆக்கும் முறைகள். ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். விமான இறக்கையில் பூசலாம், எலும்புக்குள் வைக்க முடியாது.

உடம்புக்குள் வைக்கும் மெக்னீசியத்துக்குப் பூச்சு தேவைப்பட்டபோது கேள்வியே தலைகீழாக மாறியது. முதல் சில வாரம் முழுசாகக் காக்கணும். எலும்பு சேர்ந்த பிறகு மெதுவாக விட்டுக்கொடுக்கணும். கடைசியில் பூச்சும் மிச்சமில்லாமல் போகணும். போகும்போது விஷமாகக் கூடாது. நேரம் பார்த்துத் தோற்றுப்போகிற பூச்சு! பாட்டியின் சோதனை இங்கே செல்லாது.

2000-க்குப் பிறகு வந்த முயற்சிகளை நான் நான்கு குடும்பமாகப் பிரித்துக்கொண்டேன்.

முதலாவது ஃபுளோரைடு. மெக்னீசியத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் மேற்பரப்பு மெக்னீசியம் ஃபுளோரைடாக மாறும். தண்ணீரில் லேசில் கரையாது, நன்றாக ஒட்டும். ஆனால் ரொம்ப மெல்லியது, ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான் வாக்கில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மின்பொறிப் பூச்சு. பாஸ்பேட்டோ சிலிக்கேட்டோ கரைந்த காரக் குளியலில் உலோகத்தை முக்கி, சில நூறு வோல்ட் கொடுக்கிறார்கள். மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பொறிகள் ஓடும். ஒவ்வொரு பொறியும் அந்த இடத்தை உருக்கிப் பீங்கானாக்கும். பத்து மைக்ரானுக்கு மேலும் வளர்க்கலாம். ஆனால் பொறி வெடித்த இடமெல்லாம் நுண்துளை. அந்த வழியாக ரத்த நீர் உள்ளே போகும். அதே துளைகள்தான் எலும்பு செல்கள் பிடித்து ஏறவும், மேலே இன்னொரு பூச்சு ஒட்டவும் வசதி. குறையும் வசதியும் ஒரே இடத்தில்.

மூன்றாவது கால்சியம் பாஸ்பேட். எலும்பின் கனிமமே அதுதான், அதனால் எலும்பு அதை அந்நியமாகப் பார்க்காது. ஆனால் வளைத்தால் உதிரும்.

நான்காவது கரையும் பிளாஸ்டிக். பாலிலாக்டிக் அமிலமும் அதன் உறவுக்காரர்களும். வளைந்து கொடுக்கும், உள்ளே மருந்தையும் கலந்து வைக்கலாம். ஆனால் சிதையும்போது லாக்டிக் அமிலம் விடும். காவல்காரனே கதவைக் கொஞ்சம் திறந்துவிடுகிற கதை.

எதுவும் முழுசாகச் சரியில்லை. அதனால் பலர் அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள், கீழே மின்பொறிப் பூச்சு, மேலே பிளாஸ்டிக் என்று.

1.7 கிலோ குழந்தையும் 63 பேரும்

மெக்னீசியம் மனித உடம்புக்குத் திரும்பி வந்தது எலும்பு வழியாக மட்டும் இல்லை, ரத்தக் குழாய் வழியாகவும்தான், பாயர் ஆரம்பித்த அதே இடம். ஜெர்மனியில் ஹொய்ப்லைன் குழுவினர் பன்றிகளின் இதய நாளங்களில் மெக்னீசிய ஸ்டென்ட் வைத்த ஆய்வை 2003-இல் வெளியிட்டார்கள்.

2005-இல் ஒரு செய்தி. குறைமாதத்தில் பிறந்து, இடது நுரையீரல் நாளம் அடைபட்டுப்போன ஒரு குழந்தை. எடை 1.7 கிலோ. சாதாரண ஸ்டென்ட் வைத்தால் குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. கரையும் மெக்னீசிய ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் ஓடியது. 5 மாதக் கண்காணிப்பில் உலோகம் கரைந்ததைக் குழந்தை தாங்கிக்கொண்டது. சாரம் கட்டி, வேலை முடிந்து, சாரம் தானே காணாமல் போயிற்று.

2007-இல் லான்செட் இதழில் பெரியவர்கள் 63 பேரிடம் செய்த சோதனை வந்தது. வெற்றுக் கம்பி வலை, மேலே பூச்சு இல்லை, மருந்து இல்லை. பாதுகாப்பில் பிரச்சினை இல்லை. ஆனால் நாளம் மறுபடியும் சுருங்கியது. 4 மாதத்துக்குள் சுமார் 24 சதவீதமும், ஒரு வருடத்துக்குள் 45 சதவீதமும் அதே இடத்தில் மறு சிகிச்சை தேவைப்பட்டது. நாளம் நிமிர்ந்து நிற்கத் தேவையான காலத்துக்கு முன்பே ஸ்டென்ட் பலம் இழந்துவிட்டது.

அடுத்த தலைமுறைகளில் கலவையை மாற்றினார்கள், கம்பியின் வடிவத்தை மாற்றினார்கள், மேலே மருந்து கலந்த கரையும் பிளாஸ்டிக் பூச்சு பூசினார்கள். 2016-இல் லான்செட்டில் வந்த 123 பேர் சோதனையில், 6 மாத முடிவில் ஸ்டென்ட் வைத்த இடம் சம்பந்தமான தோல்வி 4 பேருக்கு. அதே வருடம் ஐரோப்பாவில் 'மக்மாரிஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இதில் எல்லாப் பெருமையையும் பூச்சுக்கே கொடுத்தால் தப்பு. கலவை, வடிவம், மருந்து எல்லாம் ஒரே சமயத்தில் மாறின. ஒரே ரிலீஸில் நாலு மாற்றத்தைப் போட்டுவிட்டு எது பக்கை சரிசெய்தது என்று கேட்டால், எங்க ஆபீசிலும் பதில் வராது.

டாக்டர் சொன்ன "வைக்க மாட்டேன்"

எலும்புத் திருகாணிகளின் கதை வேறு மாதிரி போனது. 2013-இல் ஜெர்மனியின் ஹனோவரில் உருவான 'மக்னெசிக்ஸ்' திருகாணிக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. பெருவிரல் அடி எலும்பு கோணிப்போனதைச் சரிசெய்யும் ஆபரேஷனில் 26 பேரிடம் டைட்டானியத்தோடு ஒப்பிட்டார்கள். 6 மாதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2015-இல் கொரியாவில் இன்னொரு கலவைக்கு அனுமதி.

இந்த ஹனோவர் திருகாணியில் தனியாகப் பூச்சே கிடையாது. சுத்தமான உலோகம், அரிய மண் தனிமங்கள் கலந்த கலவை, அதோடு சரி. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பூச்சு ஆராய்ச்சி எதற்கு அப்போ?

யோசித்தால் காரணம் புரிகிறது. திருகாணியை எலும்புக்குள் திருகும்போது மரை விளிம்புகள் உரசிக்கொண்டே போகும். பூச்சில் ஒரு இடத்தில் கீறல் விழுந்தால், மற்ற இடமெல்லாம் மூடியிருக்க, அந்தக் கீறல் வழியாக மட்டும் அரிப்பு ஆழமாகக் குழி தோண்டும். ஒரே சீராக மெலிகிற திருகாணி எப்போது பலமிழக்கும் என்று கணக்குப் போடலாம். ஒரு இடத்தில் மட்டும் குழி விழுந்தது எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. மோசமான பூச்சை விடப் பூச்சில்லாதது மேல். ஸ்டென்டுக்கும் இதே ஆபத்து உண்டு. பலூன் மேல் சுருக்கி, உள்ளே கொண்டுபோய் விரிக்கிறார்கள் இல்லையா. அதனால்தான் அங்கே வளையக்கூடிய பிளாஸ்டிக் ஜெயித்தது, பீங்கான் ஜெயிக்கவில்லை.

இப்போ என் மகளின் கைக்கு வருவோம். அவளுக்கு வைத்தவை எலும்பின் உட்குழலுக்குள் வளைந்து நின்று வில் மாதிரி அழுத்திப் பிடிக்கும் நீளக் கம்பிகள். வளைத்துச் செருகுகிற பொருளில் பூச்சு விரிசல் விடும். நீளம் அதிகம் என்பதால் உலோகமும் அதிகம், வாயுவும் அதிகம். மாசக்கணக்கில் வளைவு விறைப்பு குறையாமல் இருக்கணும். நடுவில் ஒரு இடத்தில் குழி விழுந்தால் கம்பி முறியும், எலும்பு கோணும், மூன்றாவது ஆபரேஷன். எக்ஸ்ரேயில் வாயுக் குமிழ் கருப்பாகத் தெரிந்தால் அது சீழா வாயுவா என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பெருவிரலின் சின்னத் திருகாணியில் நிரூபணமான ஒன்றை, 9 வயசுப் பிள்ளையின் முன்கை முழுக்க ஓடும் கம்பிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு எனக்கு அது கைவிரிப்பாகக் கேட்டது. லாம்போட் 8 நாளில் கற்றதையும், அதற்குப் பிறகு வந்தவர்கள் கற்றதையும் சேர்த்து ஒரே வரியில் சொல்லியிருக்கிறார் என்று இப்போ புரிகிறது.

அவர் சொன்ன "இன்னைக்கு" என்ற வார்த்தையும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1878-இல் ஆயுளைக் கூட்டக் கம்பியைத் தடியாக்குவது ஒன்றுதான் வழி. இப்போ உலோகத்தின் சுத்தம், கலவை, மேல்பூச்சு என்று மூன்று பிடிகள் கையில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத் திருப்பி, "12 வாரம் நில், அப்புறம் போ" என்று ஒரு உலோகத்துக்குச் சொல்லிப் பழக்குகிறார்கள். சின்னத் திருகாணி கேட்க ஆரம்பித்துவிட்டது. நீளக் கம்பி இன்னும் கேட்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சுருக்கமாகச் சொன்னேன். இப்போ அவளுக்கு 11. கீசர் ராடையும் தன் கம்பிகளையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்று சொரசொரவென்று அரித்துப்போனது, இன்னொன்று போட்ட அன்றைக்கு இருந்த பளபளப்பு மாறாதது.

"அப்போ எனக்கு வெச்சது ரொம்ப நல்ல கம்பி, அதான் பிரச்சினை?" என்றாள்.

ஆமாம் என்றேன். கம்பிகளை மறுபடியும் பொட்டலத்தில் போட்டு டிராயரில் வைத்துவிட்டு, கீசர் ராடை ஸ்கூல் லேபுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.